மரம் நடுவில் வந்தது

சேசு மரி சூசை

மாதாப்பேட்டை, செஞ்சி
12 ஜூன் 1966

அன்புள்ள லில்லி அத்தைக்கு,

மரியசெல்வி எழுதுவது. நைனாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அம்மாவுக்குக் கால்வலி வழக்கம் போல. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் வந்துவிட்டன. தமிழ்ப் புத்தகத்தைப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே படித்து முடித்துவிட்டேன். வேலூர் வெயிலில் உங்களுக்குத் தலைவலி வராமல் இருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அடித்த கோடைமழையில் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவர் விழுந்துவிட்டது. வேம்பு இருக்கிற பக்கம் முழுவதும் தரைமட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது பார்த்தேன். சுவருக்கு வெளியே தனியாகக் கிடந்த நம் தாத்தா, மற்ற எல்லோரோடும் ஒரே நிலத்தில் இருந்தார். மனிதர்கள் செய்ய மாட்டோம் என்றதை மழை செய்துவிட்டது.

புதிதாக வந்திருக்கிற சாமியார் அந்த மண்மேட்டைப் பார்த்து, "இது யாரும்மா, ஓரமா?" என்று கேட்டார். "எங்கள் தாத்தா. பா தின் என்று பெயர். பர்மாக்காரர். பஸ் ஸ்டாண்டுகிட்ட வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை இறந்தார்" என்றேன். ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்டார். இல்லை, பாக்கியம் ஆயாதான் வேதக்காரி, தாத்தா கடைசி வரை கோயிலுக்கு வெளியேதான் நிற்பார் என்று உண்மையைச் சொன்னேன்.

அப்போது சாமியார், "சாகும்போது பக்கத்துல யார் இருந்தாங்க?" என்றார். நாங்கள் எல்லோரும் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தோம், நர்ஸ் வேலை பார்க்கும் அத்தை மட்டும் இருந்தார் என்றேன். அவர் முகம் மாறியது. சாகும் நிலையில் இருப்பவர் சம்மதித்தால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாமாம். "உங்க அத்தை அப்படிச் செய்திருந்தா ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. புதுச் சுவரை உங்க தாத்தாவைச் சேர்த்துக் கட்டச் சொல்றேன்" என்றார்.

நீங்கள் செய்திருப்பீர்கள்தானே அத்தை? உடனே பதில் போடுங்கள். தபால்காரரை வழியிலேயே மறித்து வாங்கிக்கொள்வேன்.

உங்கள் பதிலுக்கு வாசலில் நிற்கும்,
மரியசெல்வி


வேலூர்
27 ஜூன் 1966

அன்பு மரியசெல்விக்கு அத்தையின் ஆசீர்.

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்பதில் சந்தோஷம். இங்கே ரேஷனில் கோதுமைதான் போடுகிறார்கள். சப்பாத்தி தேய்க்கத் தெரியாமல் எங்கள் ஹாஸ்டலே தவிக்கிறது. அம்மாவின் காலுக்கு நீலகிரித் தைலம் ஒரு புட்டி அனுப்புகிறேன். உனக்கு ஒரு புத்தகமும் வைத்திருக்கிறேன். மூலை மடிக்காமல் படி.

கடையை அண்ணன் நன்றாக நடத்துகிறாரா? தாத்தாவின் பழைய பம்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்.

டியூட்டி மணி அடித்துவிட்டது. மற்றவை பிறகு.

லில்லி அத்தை


மாதாப்பேட்டை
10 ஜூலை 1966

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே சுகம். தைலம் வந்தது. அம்மா காலில் தடவியதைவிட நைனா மூக்கில் தடவியதுதான் அதிகம். புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், ஒரு மூலையும் மடியவில்லை.

அவசரத்தில் என் கேள்வியை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. நான் சும்மா இருக்கவில்லை. சாமியாருக்குத் தாத்தாவைத் தெரியாது என்பதுதானே குறை? பூசை முடிந்ததும் தினம் கொஞ்சமாகச் சொல்லி வருகிறேன்.

முதலில் தாத்தாவின் தமிழைச் சொன்னேன். ஆயா உங்களோடும் அக்கம்பக்கப் பெண்களோடும் பேசியதைக் கேட்டே அவர் தமிழ் கற்றதால், பிரியமானவர்கள் எல்லோரும் அவருக்கு 'டி'தான் என்றேன். பஸ் டிரைவர் கோவிந்தசாமியின் மீசையைப் பார்த்தும் "வாடி, டீ சாப்டியா?" என்பார். "யோவ் பர்மா, ஆம்பளையைப் பார்த்து டின்ற?" என்று அவர் கத்தினால், "நல்லவங்களைத்தான் அப்டிக் கூப்புடுவேன். கெட்டவங்கள சார்னு கூப்புடுவேன்" என்பாரே! சாமியார் சிரித்துவிட்டு, "என்னை என்னன்னு கூப்பிட்டிருப்பார்?" என்றார்.

மறுநாள் தாத்தா இந்த ஊரைக் கண்டுபிடித்த கதை. ஆயா சாவதற்கு முன்னால், "புள்ளைங்கள எங்க ஊர்ல சேத்துடு. மூணு மலை இருக்கும், மேல கோட்டை இருக்கும்" என்று சொன்னதையும், சண்டைக் காலத்தில் பர்மாவை விட்டு நடந்து வந்தவர்களோடு தாத்தாவும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தான் பார்த்தே இராத ஊருக்கு வந்ததையும் சொன்னேன். யாரோ திருவண்ணாமலையில் இறக்கிவிட, தாத்தா மலையை அண்ணாந்து பார்த்து, "ஒண்ணுதான் இருக்குது. இது இல்ல" என்று சொல்லி, கிழக்கே திரும்பி நடந்தாராம்.

தாத்தா சொல்லும் கதை எப்போதும் திருவண்ணாமலையில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் பம்பை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு டயருக்குக் காற்றடிக்கப் போய்விடுவார். நைனாவும் அப்படியே. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்பார். பன்னிரண்டு வயதில் நடந்தது எப்படி மறக்கும்?

வேம்பைப் பற்றியும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் பூசையில் இருக்கும்போது தாத்தா சுவருக்கு வெளியே வெறும் தரையில் செம்புத் தண்ணீரை ஊற்றுவார். உபதேசியார் மதலைமுத்து அதைப் பார்த்து, "இன்னா பர்மா, கல்லுக்கா தண்ணி ஊத்துற? இந்தா" என்று ஒரு வேப்பங்கன்றை அந்த இடத்திலேயே நட்டாராம். அதுதான் இன்று சுவரைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. இப்படி மரம் வளர்த்த மனிதர் அதன் நிழலில் உள்ளே இருக்கக் கூடாதா?

இந்த முறை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன் கேள்வியோடு,
மரியசெல்வி


வேலூர்
8 ஆகஸ்டு 1966

அன்பு மரியசெல்விக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை வார்டில் இருக்கும் மற்ற நர்சுகளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு நாளாக ஒருவரை ஒருவர் 'சார்' என்று திட்டிக்கொள்கிறார்கள்.

நடந்து வந்த வழி எனக்கு நினைவில்லை, நாலு வயது. ஒன்றே ஒன்று இருக்கிறது. தாத்தாவின் தோள்மேல் உட்கார்ந்து அவருடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டிருந்தேன். தூங்கி விழப்போனால் காதை இழுப்பேன். அவர் "ம்" என்பார். அவ்வளவுதான். அம்மாவின் முகம் இல்லை, அந்தக் காதுகள் இருக்கின்றன.

இதையும் சாமியாரிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல். மழைக்காலம் வருகிறது, கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

உன் அத்தை


மாதாப்பேட்டை
16 ஆகஸ்டு 1966

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று மாதா திருநாளும் சுதந்திர தினமும் ஒன்றாக வந்ததால் பள்ளிக்கூடத்தில் ஒரு மிட்டாய், கோயிலில் ஒரு மிட்டாய். வீட்டில் எல்லோரும் நலம். தண்ணீர் காய்ச்சுகிறோம்.

காதுகளைப் பற்றிச் சாமியாரிடம் சொன்னேன். அவர் "எல்லாம் நல்லாத்தான்மா இருக்குது. ஆனா நான் கேட்டது ஒண்ணுதானே" என்றார்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். இரண்டு கடிதத்திலும் நீங்கள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள், அது ஒன்றைத் தவிர. கல் வந்து இறங்கிவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்வதால் வேலையைப் புரட்டாசியில் ஆரம்பிப்பார்கள். கல்லறைத் திருநாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்குள் உங்கள் வரி வரவில்லையென்றால் சுவர் பழைய இடத்திலேயே எழும்பிவிடும்.

உபதேசியார் நேற்று நைனாவை ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னா காஸ்பரு, உன் தங்கச்சிக்கு ஒரு வரி எழுத வலிக்குதா? யாரு போய்ப் பாக்கப் போறாங்க? அந்த மனுஷனும் வெயில்லயே கெடக்கணுமா?" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கூடப் படிக்கும் ஆரோக்கியம் நல்ல மனதோடு சொல்லவில்லை. "உங்க தாத்தா மோட்சத்துக்கு சைக்கிள்லதான் போவணும், அதுவும் வாடகை சைக்கிள்ல" என்றாள். அவளோடு நான் இப்போது பேசுவதில்லை.

ஆமாம் என்று எழுதுங்கள் அத்தை. அந்த ஒரு சொல் போதும். வருகிற கல்லறைத் திருநாளில் தாத்தாவுக்கு உள்ளே மெழுகுவத்தி ஏற்றுவேன் என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

தீர்மானத்தோடு,
மரியசெல்வி


செஞ்சி
14 செப்டம்பர் 1966

தங்கை லில்லிக்கு அண்ணன் காஸ்பர் எழுதுவது. இங்கு க்ஷேமம்.

பெண் தினமும் தபால்காரர் பின்னால் ஓடுகிறாள். நாலு வாரமாக நீ ஒரு பதிலும் போடவில்லை. ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது. செய்தாயோ இல்லையோ, செய்தேன் என்று எழுது. நைனா நம் இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்த்தார். நாம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா?

நடந்து வந்த காலத்தைப் பற்றிப் பெண் என்னைத் துளைக்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை என்று நீயாவது அவளுக்கு எழுது.

காஸ்பர்


வேலூர்
25 செப்டம்பர் 1966

அன்பு மரியசெல்விக்கு,

இதை உன் நைனாவுக்கும் படித்துக் காட்டு. சுகமாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை. ஒரு பொய்யை எழுத முடியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இன்னொன்றை எதற்கு எழுதுவது?

அன்று பெரிய வெள்ளிக்கிழமை என்று கோயில் மணிகளை அடிக்காமல் கட்டி வைத்திருந்ததால், அதற்குப் பதிலாகத் தட்டும் மரமணியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தாத்தாவுக்கு மூச்சு மாறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நல்ல நினைவோடு இருந்தார். "நைனா, தலையில ஊத்தட்டுமா?" என்றேன். எதற்கென்று அவருக்குத் தெரியும்.

"வேணாண்டி" என்றார்.

"அம்மா இருக்கற எடத்துக்கு நீங்க போவ வேணாமா?"

"அவ இருக்கற எடம் எனக்குத் தெரியும்டி. மண்ணு தோண்டுனது நானு. அங்க சுவரு இல்ல, சிலுவை இல்ல. வழியில செத்துப்போனவங்க எல்லாருக்கும் அப்டித்தான். நான் மட்டும் உள்ளாற போய்ப் படுத்துக்கிட்டா, வெளியில இருக்கறவங்களுக்கு யாருடி இருக்கா?"

என் கையிலிருந்த டம்ளரை அவரே வாங்கிக்கொண்டார். கட்டில் ஓரத்தில் கையை நீட்டி, தண்ணீரைத் தரையில் மெல்ல மெல்ல ஊற்றினார். இறந்தவர்களை நினைத்துப் பர்மாவில் இப்படித்தான் மண்ணில் தண்ணீர் வார்ப்பார்களாம். செய்த தருமத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போய்ச் சேருமாம். எனக்கு அது அப்போது புரியவில்லை. "வேம்புக்கு ஊத்தறாப்ல ஊத்தறீங்களே" என்றேன். அந்த நிலையிலும் சிரித்தார்.

"அது மரத்துக்கு ஊத்துனது இல்லடி. மரம் நடுவுல வந்துச்சு."

ஊற்றும்போது பெயர்களைச் சொன்னார். அம்மாவின் பெயர் மட்டும் காதில் விழுந்தது. மற்றவை யாருடையவை என்று நான் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. டம்ளர் காலியான பிறகு அவர் பேசவில்லை. நினைவு தப்பிய பிறகு தலையில் ஊற்றியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். செம்பில் தண்ணீர் இருந்தது. கை போகவில்லை. எனவே என்னிடம் அந்த ஒரு வரி இல்லை, மரியசெல்வி.

உன் அத்தை


மாதாப்பேட்டை
9 அக்டோபர் 1966

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். நைனா மட்டும் கடையே கதி என்று கிடக்கிறார்.

முதலில் உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. தாத்தாமேலும் வந்தது. அவருக்காக நான் இத்தனை பேரிடம் வாதாடிக்கொண்டிருக்க, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து கடைக்குப் போய், ஏற்கெனவே காற்று நிறைந்திருந்த சைக்கிளுக்குக் காற்றடித்தார். டியூப் வெடித்து, எதிரே டீக்கடையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பிறகு நான் யோசித்தேன். தாத்தாவை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது யாருடைய ஆசை? என்னுடையது. ஆரோக்கியத்தின் வாயை அடைக்க வேண்டும் என்பதும் அதில் கொஞ்சம் இருந்தது. அவர் எங்கே இருக்க வேண்டும் என்று அவரே யோசித்து வைத்திருக்கிறார். வெளியே தள்ளப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் காவல் இருக்கிறார்.

நேராகச் சாமியாரிடம் போனேன். உபதேசியாரும் இருந்தார். "அத்தை குடுக்கல. தாத்தா வேணாம்னுட்டாரு" என்றேன்.

"அப்படின்னா சுவர் நேராத்தாம்மா போகும்" என்றார் சாமியார். அவருக்கும் வருத்தம்தான்.

"போவட்டும் சாமி. ஆனா வேம்பை வெட்டக் கூடாது."

கொத்தனார் பாவாடை அதைத்தான் செய்யவிருந்தார். "வேரு கீழ இருந்தா சுவரு எப்டி நிக்கும் பாப்பா? மேல நீ வந்து தாங்கிப் புடிப்பியா?" என்றார். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூட மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. உபதேசியார் வந்து பார்த்தார். "நான் நட்ட கன்னுடா அது. வேரு மேல கல்லு பாலம் போட்டு ஏத்து" என்று பாவாடையிடம் சொன்னார். அது யாருக்காக ஊற்றிய தண்ணீர் என்று அவரிடம் சொன்னேன். "அடப்பாவி, இத்தினி வருஷமா மரத்துக்கு ஊத்தறான்னு நெனைச்சிக்கிட்டிருந்தேனே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கல்லறைத் திருநாளில் நான் ஊற்றப்போகிறேன். யார் யாருடைய பெயர்களைச் சொல்ல வேண்டும்? நன்றாக நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மேல் கோபம் தீர்ந்த,
மரியசெல்வி


வேலூர்
22 அக்டோபர் 1966

அன்பு மரியசெல்விக்கு,

உன் கடிதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்துதான் வர முடியும்.

பெயர்கள் எனக்குத் தெரியாது. உன் ஆயாவின் பெயர் ஒன்றுதான். அதைச் சொல்லி, எனக்காகவும் சேர்த்து ஊற்று. அண்ணனைக் கேட்காதே, அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

பனி இறங்குகிறது, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போ.

உன் அத்தை


மாதாப்பேட்டை
3 நவம்பர் 1966

அன்புள்ள அத்தைக்கு,

தலைக்குத் துணி கட்டிக்கொண்டுதான் போனேன். சளி பிடிக்கவில்லை.

சுவர் முடிந்துவிட்டது. புதுச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக நிற்கிறது. வேம்பின் வேர் மட்டும் கல் பாலத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் போய் வருகிறது. நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் உள்ளே பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் செம்பைத் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றி வெளிப்பக்கம் போனேன். ஆரோக்கியம் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

"பாக்கியம் ஆயா" என்று சொல்லி ஊற்றினேன். பாதித் தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. அடுத்து யார் பெயர் என்று தெரியாமல் நின்றேன்.

"அப்டிக் கொட்டாதடி. சொட்டுச் சொட்டா வுடணும். நடுவுல நிக்கக் கூடாது."

நைனா. உள்ளே அம்மாவோடு நின்றவர் எப்போது வெளியே வந்தார் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். செம்பை வாங்கி, தாத்தா பிடிப்பது போலவே சாய்த்துப் பிடித்தார்.

"பாக்கியம். எங்கம்மா" என்றார். தண்ணீர் நூல் போல விழுந்தது. "பேரு தெரியாத தெலுங்குத் தாத்தா. எங்களுக்கு வெல்லம் குடுத்தவரு. கம்பவுண்டர் அரங்கநாதன். அவரு பொஞ்சாதி." அதற்குப் பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

"அந்தோணி."

"யாரு நைனா அந்தோணி?"

"தம்பி. கைக்கொழந்த. அம்மா போனதுக்கப்புறம் நான்தான் இடுப்புல தூக்கிட்டு வந்தேன். லில்லி எங்க நைனா தோள் மேல, இவன் எங்கிட்ட. எப்ப மூச்சு நின்னுச்சின்னு எனக்குத் தெரியல மரியா. தூங்கறான்னு நெனைச்சிட்டேன். ரொம்ப தூரம் நடந்துட்டேன்."

அத்தை, இதை உங்களுக்கு எழுதலாமா என்று நைனாவிடம் கேட்டேன். "எழுது. அவளுக்கும் அவன் தம்பிதானே" என்றார்.

கடைசியில், "எங்க நைனா, பா தின்" என்றார். அதற்குள் சாமியாரின் ஜெபம் சுவருக்கு மிக அருகில் கேட்டது. உள்பக்கம் கடைசிக் கல்லறை வரை வந்துவிட்டார்கள். ஜெபம் நின்றது. நாங்கள் இந்தப் பக்கம் இருப்பது உபதேசியார் சொல்லித் தெரிந்திருக்கும். சாமியார் கையை உயர்த்தித் தீர்த்தம் தெளித்தார். அவர் கை மட்டும் சுவருக்கு மேல் தெரிந்தது. இன்று பள்ளிக்கூடத்தில் ஆரோக்கியமே வந்து பேசினாள். "உங்க தாத்தா மேல ஒரு துளியாவது விழுந்துச்சாடி?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். உண்மையிலேயே பார்க்கவில்லை அத்தை. அப்போது நைனாவின் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டிருந்தேன். அதில் இன்னும் தண்ணீர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இனி நான் ஊற்றுவேன். நைனாவும் வருவதாகச் சொன்னார். எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்ற, கிறிஸ்துமஸ் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது பெயர் இப்போது உங்களுக்கும் தெரியும். வேலூரிலும் மண் இருக்கிறது.

உங்கள்
மரியசெல்வி